மதினி அடித்துவிட்டுப் போட்ட டிக்

என் பிரியத்துக்குரிய மதினிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் இப்போதுதான் பாத்திரக் கடையை நேரத்துக்குத் திறக்கத் தொடங்கியிருக்கிறான். தென்காசியில் சாரல் விழுகிறது. குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லையாம்.

என் ஆராய்ச்சி முடியப்போகிறது. "மூச்சு விடுதத பாத்துக்கிட்டு உக்காந்திருக்கதுக்கு டாக்டர் பட்டமாட்டி?" என்று கேலி செய்வீர்களே, அதேதான். பௌத்த தியான முகாமுக்குப் போய் வந்தவர்களின் மனநலம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற வேலை. குற்றாலம் முகாமுக்கு ஆள் குறைந்தபோது, எனக்காகத்தான் நீங்கள் ஐந்து நாள் வாய் பேசாமல் உட்கார்ந்தீர்கள். உங்களுக்கா மௌனம் என்று வீடே சிரித்தது.

முகாமுக்கு முன்னால் கொடுத்த கேள்வித்தாளில் எல்லாமே நன்றாக இருப்பதாக டிக் போட்டிருந்தீர்கள். நம் ஊரில் யார்தான் வேறு மாதிரி போடுகிறார்கள்? சுகமா என்று கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் சுகம் என்றுதானே சொல்வோம்.

முகாம் முடிந்த காலையில் அதே கேள்விகளை மறுபடி கொடுத்தேன். வெகுநேரம் எடுத்துக்கொண்டீர்கள். 'மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது' என்ற வரிக்கு நேரே, 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன்?

"என்ன மதினி, கட்டம் மாத்திப் போட்டுட்டியளா?" என்றேன்.

என் முகத்தையே பார்த்தீர்கள். "ஆமாட்டி, கண்ணாடி போடாம பாத்துட்டேன். இங்கன கொண்டா" என்று வாங்கி, அதை அடித்துவிட்டு 'எப்போதும்' என்ற கட்டத்தில் போட்டுக் கொடுத்தீர்கள்.

கண்ணாடி உங்கள் மூக்கில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தாளை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

முகாம் முடிந்த மூன்றாம் மாதம் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள். என்ன சொல்ல நினைத்தீர்கள் மதினி? உடம்பைப் பற்றியா? அண்ணனைப் பற்றியா? என்னைப் பற்றியா?

போன வாரம் என் வழிகாட்டி மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு டிக் இருக்கு. கடைசியா போட்டத எடுத்துக்கோ" என்றார். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். முடியவில்லை. நான்தான் மாற்ற வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப முதல்ல போட்டதுதான் பதில். அது எப்படி மாறுச்சுன்னும் நீ எழுதணும்."

அண்ணனிடமும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். "எங்கிட்டயும் ஒருநா என்னமோ சொல்லணும்னு வந்தா. கடையில ஆளு நின்னுது. பொறவு சொல்லுன்னுட்டேன்" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தை எழுதுவேன் மதினி. உங்கள் முதல் பதிலே நிற்கும். எனக்கு ரோஷம் வந்ததால்தான் அது மாறியது என்பதும் அதில் இருக்கும். பட்டம் தள்ளிப்போனால் போகட்டும். அடுத்த முகாமில் யாராவது 'இல்லை' என்று போட்டால், தாளைக் கீழே வைத்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்பேன். உங்களிடம் நான் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
பக்கத்து அறையிலேயே இருந்த
உங்கள் நாத்தனார்