வெட்டப்பட்ட மூன்றாம் அங்கம்

ஜனவரி 6, திங்கள்

காலையில் மூட்டுவலி, மாலையில் மோகன்குமார். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. ஊர்ப் பிரமுகர்கள் மன்றத்துக்கு அவன் செயலாளர். ஆண்டுவிழாவுக்கு என் 'பட்டுக்குடை'யைப் போட வேண்டுமாம். பணக்கார வீடுகளைக் கேலி செய்து நான் இருபத்தெட்டு வயதில் எழுதிய நாடகம்; இப்போது அந்த வீடுகளே கேட்கின்றன.

"மூணாவது அங்கம் மட்டும் வேணாம்மா. பெரியவங்க வருவாங்க."

ஜனவரி 7

இந்த நாடகத்தின் மேடை வரலாறு மிகச் சிறியது. 1979, கல்லூரி அரங்கு. முன்வரிசை சோபாவில் இருந்த ஆலை முதலாளி, மோகன்குமாரின் தாத்தா, கேலியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது என்றெண்ணி இரண்டு அங்கங்களுக்குச் சிரித்தார். பிறகு புரிந்து எழுந்தார், திரை விழுந்தது. 1993, மதுரை: மூன்றாம் அங்கத்துக்கு நேரமில்லை என்றார்கள்.

மூன்றாம் அங்கம், ஒரு செல்வந்தர் தமக்குத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் பாராட்டு விழா. சால்வை மேல் சால்வை போர்த்தி, முடிவில் ஆளே தெரியாமல் போகிறார். அதை மேடையில் எவரும் பார்த்ததில்லை, நான் உட்பட. ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வெட்ட முடியாது என்றே சொல்லப்போகிறேன்.

ஜனவரி 11

நாடகத்தை இயக்கும் நாகஜோதி வந்தாள், கல்லூரி ஆசிரியை. "பிள்ளைங்க வசனமெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டாங்கம்மா. ரெண்டு அங்கமாச்சும் போடுவோமே."

சரி என்றுவிட்டேன். கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஜனவரி 25

ஒத்திகைக்கு அழைத்தார்கள். போகவில்லை. வெட்டிய இடத்தை எதற்குப் போய்ப் பார்ப்பது?

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று நாடகம். பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் துணைக்கு வந்தாள். "இவுங்களத்தான் கிழிகிழின்னு கிழிச்சிட்டு, இவுங்க சோபாவுலயே உக்காந்திருக்கீகளே அக்கா!"

இரண்டாம் அங்கத்தின் கடைசி வசனம், "விழா தொடங்கட்டும்!" அத்துடன் திரை விழ வேண்டும். அப்போதுதான் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். அடுத்த விழாவுக்கு அவசரமாம். மோகன்குமார் மைக்கோடு மேடையேறி, "திரையப் போடாதீங்க" என்றான். வேடமிட்டவர்கள் நின்றபடியே நிற்க, வந்தவர் நாடகத்துச் சிம்மாசனத்திலேயே அமர்ந்தார். வணிகர்கள் ஒரு சால்வை, ஆலைக்காரர்கள் ஒன்று, நகைக்கடைக்காரர் ஒன்று—

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்," என்றபடி கழுத்தை நீட்டினார்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. முகவாய் மறைந்த பின்பும் போர்த்தினார்கள். அவர் பெருமையோடு கும்பிட்டார், கைதட்டல் நிற்கவில்லை.

குர்ஷித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யா அல்லா, அம்புட்டுப் பேருலயும் இவருதான்க்கா நடிப்பு! எந்த ஊரு?"

பிறகு என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம்"— சொன்னேனா? சொல்லித் தொலைத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 11

மோகன்குமார் தொலைபேசியில் குழம்பினான். "அம்மா, மூணாவது அங்கந்தான் பிரமாதம்ங்கிறாங்க எல்லாரும். நாமதான் அத வெட்டிட்டமே?"

"வெட்டிவிட்டோமே," என்றேன்.

"அடுத்த வருஷமும் வாரேன்னு சிறப்பு விருந்தினரே சொல்லியிருக்காரும்மா."

என்னுடைய மூன்றாம் அங்கத்தை எடுத்து வாசித்தேன். அவர்களுடையதே மேல். மதியம் நன்றாகத் தூங்கினேன்.