சோப்புப் பெட்டிக்குள் ஐந்து வோல்ட்

மார்ச் 3, திங்கள்
பாகப்பிரிவினையில், சிறுவயதில் அண்ணனும் நானும் கேசட் போட்டு ஆடிய பழைய கணினி எனக்கு வந்தது; அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைப் பெட்டி அண்ணனிடம் தங்கிவிட்டது. "பட்டியல்ல கம்ப்யூட்டர்னுதானே எழுதியிருக்கு?" என்றான் அன்று. பத்திரத்தை எழுதியவன் நானே. ஆகவே மேல்முறையீடு இல்லை. செங்கல் கனமுள்ள அந்தக் கறுப்புப் பெட்டிக்காக அவன் வாசலில் நிற்பதைக் காட்டிலும், நானே ஒன்று செய்துகொள்வதாகத் தீர்மானித்துள்ளேன். சிறியதாக, ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்குவதாக. இன்னொரு காரணமும் உண்டு: அவ்வகைப் பெட்டிகள் வயதானால் ஐந்து வோல்ட்டுக்குப் பதில் எட்டு, ஒன்பது என்று ஏற்றி, முன்னறிவிப்பின்றிக் கணினியைக் கொன்றுவிடும்.

மார்ச் 6, வியாழன்
ஐந்து வோல்ட் தரும் சிறு பலகை, கணினிக்குத் தனிக் கம்பியில் வேண்டிய ஒன்பது வோல்ட்டுக்கு ஒரு மின்மாற்றி, ஃப்யூஸ் எல்லாம் வாங்கியாயிற்று. செருகியின் படத்தை முன்பக்கம் பார்த்து வரைந்தார்களா, பற்றவைக்கும் பக்கம் பார்த்தா என்று எங்கும் குறிப்பில்லை. தவறாகக் கொண்டால் இடம் வலமாகிவிடும். மறுபடியும் கடைக்குக் கேட்கப் போனேன். "வக்கீல் சார், நீங்க சால்டரிங்குக்கும் வாய்தா வாங்குவீங்க போல," என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. சிரிக்கட்டும்.

மார்ச் 8, சனி
அண்ணி போன் செய்தார். "நாளைக்கு அவர் அங்க வர்றாராம். ஏதாவது பேசிக் கெடுத்துக்காதீங்க தம்பி."
பத்திரம் பதிவான நாளுக்குப் பிறகு அவன் இங்கு வந்ததே இல்லை. இப்போது எதற்கு?

மார்ச் 9, ஞாயிறு
வந்தான். பையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். நன்றாகத் துடைத்து, நைந்த ஒயரை மாற்றியிருந்தான். "போடுடா, ஒரு ஆட்டம் ஆடலாம். எப்பவும் போல நீதான் தோக்கப் போறே." செருகியோடு கணினி அருகே போனான்.
"இரு," என்று வாங்கி மீட்டரை வைத்தேன். ஏழு புள்ளி எட்டு.
அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "இது தெரிஞ்சுதான் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். பேசப் பழகிய நாள் முதல் அவனை 'நீ' என்று அழைத்த வாய்.
மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பெட்டியைக் கூண்டுல ஏத்தினே, சரி. என்னையுமாடா?"
தேநீரைத் தொடாமலே போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்
கேள்வியில் தவறில்லை. பொருள் அபாயகரமானது, கொண்டுவந்தவரை விசாரிப்பது முறை. — என்ன முறை? அவனுக்கு வோல்ட்டும் தெரியாது, வாட்டும் தெரியாது. வயசானா அந்தப் பெட்டி அப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். தெரிஞ்சும் ஏன் கேட்டேன்?

மார்ச் 14, வெள்ளி
அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அழைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு
முதலில் ஒரு பல்பை இணைத்துச் சோதித்தேன். ஐந்து வோல்ட்; மீட்டர் முள் அதைவிட்டு அசையவில்லை. சோப்புப் பெட்டி வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. பிறகே கணினியில் செருகினேன். திரை நீலமாக ஒளிர்ந்தது. வேலையில் ஒரு பிழையும் இல்லை.
யாரும் தவறிச் செருகிவிடாதபடி கறுப்புப் பெட்டியின் ஒயரை ஒட்ட நறுக்கினேன். அண்ணன் மாற்றிய புது ஒயர்.
கேசட்டிலிருந்து ஆட்டம் ஏறி முடிந்ததும், ஆடுவது ஒருவரா இருவரா என்று திரை கேட்டது.
ஒன்றை அழுத்தினேன்.