புளித்த சொக்லட்

கல்முனை
12.03.1984

அன்பு மகள் கமீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மகள் நஸீறாவும் சுகம். ஜித்தாவில் உன் எஜமானியின் ஏச்சு இப்போது குறைவா? நாவிதன்வெளி வயலில் அறுப்பு முடிந்தது. விளைச்சல் பரவாயில்லை.

இனி எழுதக் கூசுகிற விசயம். நஸீறாவுக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை நூஹு, உன் எஜமானின் வீட்டிலேயே டிரைவராக இருக்கிறவர், லீவில் வந்து நீ கொடுத்துவிட்ட சொக்லட்டைத் தந்தார். முன்பு நீ அனுப்பியது டின்பால் போல இனிக்கும். இது நாக்கில் புளித்தது. பாலை முகர்ந்தே பசுவா எருமையா என்று சொல்பவள் நான், என்னை ஏமாற்றவா என்று எண்ணிவிட்டேன். அவருடைய உம்மா ஹாஜறாவும் அயல் பெண்களும் இருக்கத்தக்கதாக, நல்லதை வழியில் வித்துப்போட்டுக் கெட்டதையா கொண்டு வந்தீங்க மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டேன்.

உங்கட மகள் தந்தத்தத்தான் தாறன் மூத்தம்மா, பால் புளிச்சா நான் என்ன செய்ய என்றார். மறுநாள் ஹாஜறா சம்பந்தம் பேசி முடித்தபோது நாம் கொடுத்த வெற்றிலை வட்டாவைத் திருப்பி அனுப்பி, கள்ளனுக்கு உங்கட ஊட்டுல என்ன வேலை என்றும் சொல்லிவிட்டாள். நஸீறா தேத்தண்ணீரை வைத்துவிட்டு என் முகம் பாராமல் போகிறாள்.

போன கிழமை பால்காரன் பிந்தி வந்ததில் பால் இலேசாகத் திரிந்துவிட்டது. வெளியே ஊற்ற மனமில்லாமல் நீ அனுப்பிய கொக்கோத் தூளும் சீனியும் போட்டுக் கிண்டினேன். வாயில் வைத்தால் அதே புளிப்பு. பதறிப்போய் டின்பாலில் கிண்டிப் பார்த்தேன், உன் பழைய சொக்லட்டின் ருசி. எருமைப்பாலில் அது இன்னொரு விதம். தூள் ஒன்றுதான் மகள், பால்தான் வேறு. இந்தச் சொக்லட்டைச் செய்த நாட்டில் பாலைப் புளிக்க வைத்துத்தான் செய்வார்கள் போல. ஐந்தாம் வகுப்புப் படிப்போடு ஊரையே அதட்டித் திரிந்த எனக்கு அடுப்படியை விட்டு வெளியே வர வெட்கமாயிருந்தது.

இதையெல்லாம் நான் ஹாஜறாவின் வாசலில் நின்று சொன்னேன். கேட்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. மகன் சரி என்று சொன்னால்தான் இனி கலியாணப் பேச்சு என்றாள்.

நூஹு லீவு முடிந்து அங்கே வந்திருப்பார். நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், அவர் குணம் அப்படி. நீ அவருக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே. அடுத்த லீவுக்கு அதே புளித்த சொக்லட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடு மகள். அன்றிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் நான் தின்பேன்.

அவரை வாகனத்தைப் பார்த்து ஓட்டச் சொல். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒன்றாக இந்த வாசலுக்குக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உன் உம்மா,
சபூறா