நாலரை அடி நடை

கரிக்கலாம்பாக்கம்,
10-2-2025

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணன் பிரகாஷும் அண்ணி அருள்மொழியும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, சுகமில்லை என்பது புதன்கிழமை போனில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் நான் ஏதாவது சொன்னால் பாதியிலேயே "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்த ஸ்பீடு போஸ்ட், கடைசி வரைக்கும் படி. அண்ணிக்கு ஆறாம் மாதம், வாந்தி நின்று இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறாள். திருபுவனை கம்பெனி கேன்டீனில் எனக்கு மறுபடியும் காலை ஷிப்ட், ஐந்தரைக்கே பஸ் வந்துவிடுகிறது. முட்டி வலிக்கிறது, வலித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பம்பாயில் குடிசைகளை எடுத்துவிட்டு அந்த சனங்களுக்கே உங்கள் ஆபீஸ் கட்டப்போகிற வீட்டுப் படத்தை நீ அண்ணன் போனுக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை அவன் வில்லியனூரில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து வந்தான். அறை அறையாகத் தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் ஏற்றிவந்து கிரேனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவீர்களாமே, எனக்கு அது பிடித்திருந்தது, என் மகள் மூளை என்று கேன்டீனில் எல்லோரிடமும் காட்டினேன். நீ முதலில் போட்டது மாடிக்குப் பத்து வீடு, நடுவில் போகிற நடை நாலரை அடி. உங்கள் சார் நடையையும் படிக்கட்டையும் மூன்றடியாக ஒடுக்கிப் பதினோரு வீடாக்கிவிட்டார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நீ அதில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வேலையை விட்டுப் போ என்கிறார். ஏழை சனங்கள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதாகச் சொன்னாயே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் எந்த ஏழையைக் கேட்டார்?

நேற்று பூசை முடிந்து வந்ததும் பக்கத்துக் காலி மனையில் நானும் அண்ணனும் டேப் பிடித்து நீ வரைந்த வீட்டைச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் போட்டோம். உங்கள் சார் ஒடுக்கிய மூன்றடி நடைக்கு மட்டும் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டுப் பழைய புடவைகளைக் கட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அண்ணி அடுப்படிக் கோட்டுக்குள் நின்று பார்த்தாள், நான் படுத்துப் பார்த்தேன், வீட்டில் குறை ஒன்றும் இல்லை, காற்று கூட எந்தப் பக்கம் வரும் என்று யோசித்திருக்கிறாய். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆளைப் படுக்கவைத்து வெளியே தூக்கிப் பார்க்கலாம் என்றேன். எதிர்வீட்டுப் பக்கிரி, அதுதான் டாட்டா ஏஸ் ஓட்டுகிறாரே, நல்ல கனத்த உடம்பு, நான்தான் நோயாளி என்று ஆசையாக ஏறிப் படுத்துக்கொண்டார். நாலு பேர் தூக்கினார்கள். நடை படிக்கட்டுக்குத் திரும்புகிற இடத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சாய்த்தார்கள், மனுஷன் சரிந்து கழியோடு புடவையோடு கீழே விழுந்து "இன்னாடா டேய், உசுரோட இருக்கும்போதே சாவடிக்கிறீங்களே" என்று கத்தினார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை செல்வி, நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார் என்றுதானே உனக்குச் சொன்னோம். அது பொய். அப்போது நாங்கள் டவுனில் இரண்டாவது மாடி ரூமில் குடியிருந்தோம், நீ ஒன்பதாவது, ஹாஸ்டலில் இருந்தாய். காலையில் நெஞ்சு வலி என்றார், ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது, ஸ்ட்ரெச்சர் முதல் மாடித் திருப்பத்துக்கு மேல் ஏறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் என் புடவையால் கட்டி, படி படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்று பார்த்தது. அந்த வலியிலும் அவருக்குக் கூச்சம், "மெதுவா மேரி, ஜனம் பாக்குது" என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மேலே உயிரோடு கட்டிய மனுஷனைத் தெருவில் அவிழ்க்கும்போது உயிர் இல்லை. சீக்கிரம் இறக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரையும் நான் கேட்டதில்லை, கேட்கவும் பயம். பதினாறு வருஷமாக உன்னிடம் சொல்லாததற்கு என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் இதற்கு நான் பழகிக்கொண்டேன் என்று மட்டும் உங்கள் சார் சொல்லக் கூடாது.

பதினோராவது குடும்பம் தெருவில் நிற்கட்டுமா என்று கேட்டு உன் வாயை அடைப்பார். அதற்கும் வழி பார்த்தேன். மாலையில் சுண்ணாம்பை அழித்துவிட்டு ஒவ்வொரு வீட்டின் நீளத்திலும் முக்கால் அடி குறைத்துப் போட்டோம். இரண்டு பக்கமும் வீடு என்பதால் நடைக்கு ஒன்றரை அடி திரும்பக் கிடைத்துவிட்டது, வீடும் பதினொன்றாகவே இருக்கிறது. படிக்கட்டை எப்படி அகலமாக்குவது என்பது உன் படிப்பு. நாலரை அடியில் பக்கிரி படுத்தபடியே திரும்பினார், இந்தத் தடவை நாலு பேரையும் சத்தியம் செய்யச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். வீட்டுக்குள்ளே போனது ஒரு அலமாரி இடம். வீட்டுக்கு ஒன்பது சதுர அடி குறைகிறது, விளம்பரத்தில் இருநூற்று எண்பது என்று போட முடியாது என்பார், இருநூற்று எழுபத்தொன்று என்று போடச் சொல். இன்று கேன்டீனில் பாத்திரம் கழுவும் ஜெயசித்ராவிடம் கேட்டேன், லைன் வீட்டில் ஆறு பேரோடு இருப்பவள், "அலமாரி இல்லன்னா ஆணி அடிச்சி மாட்டிக்கலாம்க்கா, ஆள எங்க மாட்டறது" என்றாள். இதை அப்படியே உங்கள் சாரிடம் சொல்.

கேட்காவிட்டால் கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும். அண்ணன் வேறு சொன்னான், அவளைப் பயமுறுத்தாதே என்று. நான் பயமுறுத்தவில்லை, உன்னைப் பயமுறுத்துகிறவரைப் பார்த்து நீ பயப்படாதே என்கிறேன். பதினாறு வருஷம் இரண்டு பிள்ளைகளையும் தலைநிமிர்த்தி வளர்த்தவள் இன்னும் சாகவில்லை, ஒரு தட்டு கூடுதலாகப் போட எனக்குத் தெம்பு இருக்கிறது. ஊரார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, ஊரார் நேற்றுதான் என்னைக் கிறுக்கி என்றார்கள், நன்றாகத்தான் இருக்கிறேன்.

காலையில் சாப்பிடாமல் ரயிலேறாதே. அண்ணியின் வளைகாப்புக்கு வா, வேலையோடு வந்தாலும் சரி, வேலையில்லாமல் வந்தாலும் சரி. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், ஆண்டவர் உன் கூடவே இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே. அந்த வீடுகளுக்குக் குடிவருகிறவர்கள் யாருக்கும் உன் பெயர் தெரியாது, யாரும் உனக்கு நன்றி சொல்லப் போவதில்லை. என்றைக்கோ ஒரு நாள் காலையில் அங்கே ஒருத்தி புருஷனை நாலு பேர் படுத்தபடியே கீழே இறக்குவார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வருவாள், அதற்கு இடம் இருக்கும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஆ. ஆனி மேரி