இடுக்கி இனி என் கையில்

அன்புள்ள டெரன்ஸ்,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் செய்யும் காது பரிசோதனை நாளையோடு முடிகிறது.

நேற்று இந்த ஊர் பப்பில் சாப்பிடப் போனேன். மாட்டிறைச்சியைப் பச்சையாகத் தட்டில் கொடுத்துவிட்டார்கள். கொல்லைப்புற அடுப்பில் நாமே வாட்டிக்கொள்ள வேண்டுமாம். அடுப்பைச் சுற்றி ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்கள்.

"ஏம்மா, ஊருக்குப் புதுசா? குடு, நான் போட்டுத் தரேன். நீ கருக்கிடுவ," என்றான் ஒரு தாடிக்காரன்.

"முதல்ல உன்னுதப் பாருண்ணே. செருப்பு மாதிரி ஆயிடுச்சு!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் இறைச்சியை ஒரே தடவைதான் திருப்பினேன். தாடிக்காரன் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றான். உள்ளே போய் இன்னொரு பச்சை இறைச்சித் தட்டோடு வந்து, இடுக்கியை என்னிடமே நீட்டினான்.

"இதையும் நீயே போட்டுரும்மா."

பின்னால் வரிசையே நின்றுவிட்டது, டெரன்ஸ்! கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்குத் தராத இடுக்கி!

அப்புறம் எதிர் நாற்காலியில் உனக்குப் பதிலாக என் கைப்பையை உட்காரவைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

பள்ளிக்குப் போக வண்டி வந்துவிட்டது. நான் வீடு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் அடுப்பைத் துடைத்து வை. இடுக்கியை நான்தான் பிடிப்பேன். நீ பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டே இரு.

உன் மர்லீன்