கழற்றிய கமான்பட்டை

கிளாவரை,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தேவசேனாவுக்கு,

உன் கணவன் சேனாதிபதி எழுதுவது. இங்கே நானும் அக்காவும் மாடும் நலம். உன் முதுகில் போட்ட தையல் ஆறிவிட்டதா, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடக்கிறாயா என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் நம் ஊர் டவர் பாதிப் பேச்சை அறுத்துவிடுகிறது, மீதிப் பேச்சை உன் அம்மா பேசிவிடுகிறார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பார்.

போன வாரம் அத்தை சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அய்யம்பாளையத்தில் உங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்களும் எறங்கி வந்துருங்க மாப்பிள்ளை, எம்பொண்ணு இனிமே அந்த ரோட்டுல ஏற மாட்டா என்றார்கள். நீ பக்கத்தில்தான் இருந்தாய் என்று தெரியும். மறுத்து ஏதாவது சொல்வாய் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நீ சொல்லவில்லை. கோபமெல்லாம் இல்லை. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன அன்று நம் ஆம்னி வேனில் நீ பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். மன்னவனூர் வருவதற்குள் உதட்டைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது உனக்கு.

ஆனால் மதுரை டாக்டர் மலையேறக் கூடாது என்று சொல்லவில்லை. குலுங்காமல் போகலாம் என்றுதான் சொன்னார். ரோடு என் கையில் இல்லை. வண்டி என் கையில்தானே இருக்கிறது?

பெருமாள்மலையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன, புஷ் ரப்பரெல்லாம் தேய்ந்து இரும்போடு இரும்பு இடிக்கிறது என்றார். மாத்துங்க, ஆனா மூட்டை ஏத்துற வண்டிதான, இதுக்கு மேல என்ன சொகுசாப் போகப்போகுது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சாமான்களை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்பன், அதுதான் பிக்கப் வண்டி வைத்திருக்கிறவன், ஸ்பேனர் பெட்டியோடு வெள்ளனே வந்து நின்றான். வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, தைலமரக் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். நட்டு ஒன்றுகூட அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம், எழுதக் கூடாத வார்த்தைகளும் கொஞ்சம் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் ஸ்பேனர் பிடியில் இரும்புப் பைப்பை மாட்டி இரண்டு பேரும் தொங்கிய பிறகுதான் இளகியது. வெளியே வந்த புஷ் ரப்பர் கத்தரி வற்றல் மாதிரி கையோடு உதிர்ந்தது. புது ஷாக், புது புஷ் எல்லாம் மாட்டி முடித்தபோது எனக்கே என் மேல் மதிப்பு வந்துவிட்டது.

அந்த மதிப்பு பூண்டி போய்ச் சேரும் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. நீ உட்கார வேண்டிய பின் சீட்டில் அக்காவை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். உன் மதினி பொய் சொல்ல மாட்டாள், அடக்கியும் பேச மாட்டாள், அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பள்ளத்திலேயே தலை மேலே போய் இடித்தது. ஏலே நிப்பாட்டு, பூண்டு மூட்டை வாயத் தெறந்து பேசாது, அதான் ஒனக்கு இம்புட்டு நாளாத் தெரியலை என்று கத்தினாள்.

அங்கேயே எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் வண்டி வாங்கினால் மாலை போடுவதற்கு முன்னால், பின்பக்கத்தைத் தாங்கும் கமான்பட்டை அடுக்கில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்துவிடுகிறோம் அல்லவா? எத்தனை மூட்டை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. ஆனால் ஆட்கள் மட்டும் உட்கார்ந்தால் அது வளைந்தே கொடுக்காது, பள்ளத்தின் அடி அப்படியே முதுகுக்கு வந்துவிடும். கீழே என்ன புதுசாக மாட்டினாலும் அந்தப் பட்டை இருக்கும்வரை நம் வண்டி பூண்டுக்குத்தான்.

கழற்றிவிடலாம் என்றதும் சின்னக்கருப்பன் பதறிவிட்டான். அண்ணே, பின்னாடி ஒக்காந்துருமே, பங்குனில அறுப்பு கெடக்கு, எதுல ஏத்துவீங்க என்றான். உன் பிக்கப் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். உடனே ஸ்பேனரை எடுத்து, பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டை இளக்க ஆரம்பித்துவிட்டான். இரண்டு பக்கமும் அந்தக் கூடுதல் பட்டையை உருவி வெளியே போட்டோம். மறுபடி அக்காவை ஏற்றிக்கொண்டு கவுஞ்சி வரை போனேன். பின்னால் சத்தமே இல்லை. பயந்துபோய் நிறுத்திப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எதுக்குலே எழுப்புன என்று அதற்கும் ஒரு திட்டு.

உள்ளதைச் சொல்கிறேன், பெரிய பள்ளங்களில் இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. ஆனால் முன்பு போல் அடிக்கவில்லை.

மற்றபடி, பூண்டு நன்றாகவே வந்திருக்கிறது. இந்த முறை பனி பீன்ஸைத்தான் கருக்கிவிட்டது. அக்காவின் சமையலைப் பற்றி எழுத மாட்டேன், ஒட்டுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்வாள். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, தேவசேனா. இதை எப்படி அழகாகச் சொல்வது என்று தெரியவில்லை, அப்படியே எழுதிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன். அத்தையும் கூட வந்து உன் பக்கத்தில் உட்காரட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். வலித்தால் உதட்டைக் கடிக்காதே, வாய்விட்டுச் சொல். சொன்ன இடத்தில் நிறுத்திவிடுவேன். பெருமாள்மலையில் வலித்தால் பெருமாள்மலையில் வீடு பார்ப்போம். பூம்பாறையில் வலித்தால் பூம்பாறை. தெருமுனை தாண்டுவதற்குள் வலித்தால் அத்தை சொன்ன அந்த வீட்டுக்கே சாவி வாங்கிக்கொள்வோம். தோட்டத்துக்கு நான் ஏறி இறங்கிக்கொள்வேன். எந்த ஊரானாலும் சரி, புதன்கிழமை முதல் நீயும் நானும் ஒரே வீட்டில் சாப்பிட வேண்டும்.

பழனியாண்டவர் உன் முதுகுக்குத் தெம்பு தரட்டும்.

உன்னைக் கூட்டிப்போக வரும்,
சேனாதிபதி