நைனா புகை

1951 டிசம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல பனி. கொடியில் கிடந்த வெள்ளைத் துணியெல்லாம் ஈரம், அதன் மேல் கரித்தூள் புள்ளி. மறுபடி துவைத்தேன். திட்டிக்கொண்டே துவைத்தால் அழுக்கு சீக்கிரம் போகிறது.

பிலோமிக்கு மறுபடி இருமல். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருக்கிற மாதிரி கர் கர் என்று சத்தம். நாலு வயசுப் பிள்ளைக்கு இப்படி ஒரு இழுப்பா? ராத்திரி முழுக்க என் தோளிலேயே கிடந்தாள்.

செய்ய வேண்டியது: கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள். ரேஷன். கல்கல் பலகாரம் செய்ய மாவு. இவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான்.

உச்சிக்கு இவர் எஞ்சின் வந்தது. துறைமுகத்துக்கு வேகன் தள்ளுகிற எஞ்சின். இவர் அதில் ஃபயர்மேன், அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை. லைன் எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது. சுவர் கிட்டே வந்ததும் கரி வாருகிற சவலால் மூன்று சவல் ஒரே மூச்சில் போட்டு அடுப்புக் கதவைச் சாத்திவிடுவார். குப்பென்று கன்னங்கரேலென்று புகை கிளம்பும். அதுதான் எங்களுக்குச் சேதி. எனக்கு, "சோறு எடுத்து வை." பிலோமிக்கு, "நைனா போறேன்." அவள் அதற்கு வைத்த பேரே நைனா புகை. துவைக்கிற கல் மேல் நான் தூக்கி நிறுத்த வேண்டும், அவள் கை தட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் அந்தப் புகை முழுக்க எனக்கு வந்தது. இப்போது கால் பங்குகூட இல்லை.

பக்கத்து வூட்டு கதீஜா அக்கா இன்றைக்கும் விடவில்லை. "அவனவன் பொண்டாட்டிக்கு மல்லிப்பூ வாங்கினு வரான். உன் ஆளு கரிப்புகை அனுப்புது. நல்லா வாச்சான்மே உனக்கு!" அவள் புருஷன் காசிம் பாய்தான் அதே எஞ்சினுக்கு டிரைவர். அந்த வம்பில் அவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 5, புதன்

வாடைக்காற்று. துறைமுகத்தில் கரிக் கப்பல் இறக்குகிறார்கள் போல, தெருவில் போகிறவன் மூக்கெல்லாம் கறுப்பு.

பிலோமியைத் தூக்கிக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன். குழாயை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "வீட்டைச் சுத்தி என்னென்ன புகை வருதும்மா?" சொன்னேன். எஞ்சின். கரிக் குவியல். எண்ணெய் ஆலைக் குழாய். குப்பை கொளுத்துகிற புகை. என் மரத்தூள் அடுப்பு. சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு முட்டியது.

"மருந்து தரேன். ஆனா மருந்து மட்டும் போதாது. கிறிஸ்துமஸுக்குள்ள நெஞ்சு தெளியலைன்னா வேற நல்ல காத்து இருக்கற இடத்துல விட்டுடுங்க. சின்ன நெஞ்சு, தாங்காது. விளையாட்டா எடுத்துக்காதீங்க."

நல்ல காற்று என்றால் ஊருக்குத் தெற்கே, கரிப்புகை இல்லாத சாந்தோம்தான். இவர் அக்கா மரியம்மா அங்கே இருக்கிறார். பிள்ளை இல்லை. பிலோமியின் ஞானஸ்நானத்து அன்றைக்கே "எனக்குக் குடுத்துடு ரோசி" என்றவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல மனுஷி, உயிரை விட்டு வளர்ப்பார். அதுதான் எனக்குப் பயம். போன பிள்ளை திரும்பி வருவாளா? வந்தாலும் என்னை அம்மா என்று வருவாளா?

இவரிடம் சொன்னேன். "அக்கா வூடு தானே, பத்து நாளு இருந்துட்டு வரட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

நேற்று மாதா திருநாள். இவருக்கு லீவு, இன்றைக்கும் லீவு. இரண்டு நாளும் பூசை, கடற்கரை, வறுத்த கடலை. எஞ்சின் வேறு ஆளோடு போனது, லேசாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. பிலோமி கல் பக்கமே போகவில்லை. "நைனாதான் வூட்ல கீதே, அப்புறம் இன்னாத்துக்கு புகை?" பெரிய மனுஷி.

இரண்டு நாளாக இருமல் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மாதா கருணை என்று ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினேன்.

பொத்தான் தைத்தாயிற்று. மாவுக்கு இன்னும் வழி இல்லை.

டிசம்பர் 10, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

உச்சிக்கு எஞ்சின் சத்தம். பிலோமியைக் கல் மேல் நிறுத்தினேன். புகை வந்தது, வழக்கத்தை விடப் பெரிசு. எப்போதும் நான் எஞ்சினைத்தான் பார்ப்பேன். இன்றைக்கு என்னவோ அவள் முகத்தைப் பார்த்தேன். ஆவென்று வாயைத் திறந்து வைத்து, இறங்கி வருகிற புகையை இழுத்து இழுத்து விழுங்குகிறாள்.

"அடியே, இன்னாடி பண்றே?"

"நைனாவை உள்ளே வச்சிக்கிறேம்மா."

கீழே இறக்குவதற்குள் இருமல் ஆரம்பம். சாயங்காலம் விலா குழி விழுந்து விழுந்து எழும்புகிற இழுப்பு. இரண்டு நாள் நன்றாக இருந்தது மாதா கருணை மட்டும் இல்லை. இவர் எஞ்சினில் இல்லாத கருணை. ஐயோ, தினம் என் கையால் அல்லவா தூக்கி நிறுத்தியிருக்கிறேன்!

இவர் வந்ததும் வாசலிலேயே, "இன்னிக்கு புகை எப்டி? ரெண்டு நாள் பாக்கி கீதேன்னு அஞ்சு சவல் போட்டேன்மே. காசிம் பாய் திட்னாரு!" என்று சிரித்தார். குழந்தை என் மடியில் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னால் சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

உச்சிக்குப் பிலோமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஊரே கூடுகிற மாதிரி அழுதாள். இழுப்பு கொஞ்சம் குறைவு.

இவர்: "பாப்பா பாத்துச்சா?"

நான்: "ம்."

பொய் சொன்னேன். இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஒரு முழப் பூ வாங்கி வரத் தெரியாது, பாசமாக நாலு வார்த்தை பேச வராது. அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதையும் விஷம் என்று சொல்லவா?

டிசம்பர் 12, புதன்

சொல்லிவிட்டேன். அவர் காபி குடிக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில்.

டம்ளரைக் கீழே வைத்தார். "நானா?" என்றார். அப்புறம் எழுந்து போய்விட்டார். இருட்டிய பிறகு இரண்டு கமலா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார், கண் சிவந்திருந்தது.

"எஞ்சின் புகைனு சொல்லு, கரிப்புகைனு சொல்லு, ஒத்துக்கிறேன். எம் புகையா ரோசி?"

"உன்னுது மட்டும் இல்லய்யா. தொறமுகமே புகைதான், என் அடுப்பும் புகைதான். ஆனா உன்னுதைத்தான் அவ வாயைத் தொறந்து வாங்கிக்கிறா."

அதைக் கேட்டதும் தூணில் சாய்ந்துகொண்டு அழுதார். கல்யாணமாகி இப்போதுதான் அவர் அழுது பார்க்கிறேன். நானும் அழுதேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து கமலா பழம் தின்றோம்.

டிசம்பர் 14, வெள்ளி

வீட்டில் மாற்றங்கள்: அடுப்பு கொல்லைக் கோடிக்குப் போயிற்று. பெருக்கும் முன் தண்ணீர் தெளிப்பது. ஜன்னலில் நனைத்த சாக்கு. உச்சி வேளைக்குப் பிள்ளை உள்ளே, கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே பார்க்கலாம்.

கரியில் புகை வராமல் எரிக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "ஏன் முடியாது? ஒரே அடியா கொட்டாம, ஒவ்வொரு சவலா பரப்பிப் போட்டு, கதவை லேசா தொறந்து காத்து வுட்டா புகை மேலயே எரிஞ்சிடும். எஞ்சின் ஷெட்ல அத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்கோ. நான்தான் உங்களுக்காக ஜோரா கறுப்பாக்கினேன்."

காசிம் பாய் மற்ற ஷிப்டு ஆட்களிடமும் சொல்லியிருக்கிறார். கதீஜா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து: "எல்லா தோஸ்துங்களுக்கும் சொல்லிட்டாரு. இந்தச் செவுத்துகிட்ட மட்டும் எவனும் கலீஜ் பண்ணக் கூடாதுன்னு." இன்றைக்குப் போன எஞ்சின்களில் ஒன்றுதான் கறுப்பு கக்கியது. அது வெளியூர் ஆளாம். அக்கா மாடியில் நின்று அவனைத் திட்டிய திட்டு துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

டிசம்பர் 17, திங்கள்

சுண்ணாம்பு அடித்தாயிற்று.

இழுப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் பிலோமி சரியாகச் சாப்பிடுவதில்லை. உச்சிக்கு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். எஞ்சின் சுத்தமாகப் போகிறது. இவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கை ஆட்டுகிறார்.

"அதோ பாருடி, நைனா!"

"அது நைனா இல்லம்மா. அது யாரோ கருப்பு ஆளு."

இவர் ஷெட்டிலேயே குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். கரி மூஞ்சியை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவருக்கு ஒரு ரோஷம். சுவர் கிட்டே வரும்போது புகை அவரை மூடிவிடும். பெற்ற பிள்ளை அந்த முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதை இவரிடம் சொல்லவில்லை. போன வாரம் பட்டதே போதும்.

டிசம்பர் 20, வியாழன்

லேடி டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு. இப்படியே பாத்துக்கிட்டா இங்கயே இருக்கட்டும். பனி முடியற வரைக்கும் ஜாக்கிரதை." தெருவிலேயே பிலோமியைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். ஒரு ரிக்‌ஷாக்காரன் பார்த்துச் சிரித்தான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்தால் மரியம்மா அக்கா உட்கார்ந்திருக்கிறார். புதுப் பாவாடை, பொம்மை, பிஸ்கட். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முகம் லேசாக வாடிவிட்டது, உடனே "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

அப்போது பிலோமி பொம்மையை இடுக்கிக்கொண்டு, "அத்தை, நான் உன்னோட வரேன். நைனாதான் இப்போல்லாம் உச்சிக்கு எஞ்சின்ல வரதே இல்லையே. எம்மேல கோவம்" என்றாள்.

இவர் அப்போதுதான் குளித்து, வெள்ளைச் சட்டையோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டார். நான் நேற்று வரை மறைத்த அந்தக் 'கருப்பு ஆளு' பேச்சையும் சொல்ல வேண்டியதாயிற்று.

டிசம்பர் 21, வெள்ளி

வெயில். அக்கா இன்றும் இருக்கிறார். இரண்டு பேருமாகக் கல்கல் சுருட்டினோம். பிலோமி தன் பாவாடையெல்லாம் தானே மடித்து அக்கா பையில் திணித்துவிட்டாள். எடுத்தால் கத்துகிறாள்.

சாயங்காலம் தெருவில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். இவர்தான். குளிக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை கரி, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை, எஞ்சினில் போட்டிருந்த அதே எண்ணெய்க் காக்கி. ஷெட்டிலிருந்து கல்மண்டபம் வழியாக அப்படியே நடந்து வந்திருக்கிறார். "இன்னா சவரி, குழாயில தண்ணி வரலியா?" என்று கதீஜா அக்கா கேட்கிறாள். அவர் காதில் வாங்கவில்லை. வாசலுக்கு வெளியே, மண்ணிலே குந்திவிட்டார். உள்ளே வரவில்லை. தூசி பிள்ளை மேல் பட்டுவிடும் என்று.

பிலோமி என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மா, அந்தக் கருப்பு ஆளு!"

"பாப்பா" என்றார்.

குரலைக் கேட்டதும் எட்டிப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் போனாள். இன்னொரு அடி. நான் பிடிக்கவில்லை. ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தேய்த்தாள். கீழே நைனாவின் நிறம் தெரிந்தது. விரலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தெனம் கை ஆட்டினது நீயா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். மரியம்மா அக்கா உள்ளே போய்ப் பையிலிருந்து பாவாடைகளை எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார். யாரும் அவரிடம் எடுக்கச் சொல்லவில்லை.

பிலோமி விரலை என் சேலையில் துடைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்: "குளிச்சிட்டு வா நைனா. அப்புறம் என்னைத் தூக்கு."